டாக்டர் ஃபாஸ்டஸ் (நாடகம்)

டாக்டர் ஃபாஸ்டஸ், ஆங்கில நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோ எழுதிய துன்பியல் நாடகம். இது 1588-க்கும் 1592-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் எழுதப்பட்டிருக்கும் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கணிப்பு. ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் வாழும் பேரறிஞன் ஒருவன், 24 ஆண்டுக்கால மாய ஆற்றலுக்காகத் தன் ஆன்மாவைச் சாத்தானுக்கு எழுதிக் கொடுக்கிறான். கெடு முடியும் இரவில் பேய்கள் வந்து அவனைக் கொண்டு செல்கின்றன. இதுவே கதை.

மறுமலர்ச்சிக் கால ஆங்கில நாடகங்களுள் இன்றும் பரவலாகப் படிக்கப்படுபவற்றில் இது ஒன்று. மனிதனின் அறிவுத் தாகம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதைக் காட்டும் நாடகம் என்று இதைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். ஆனால் நாடகத்தை முழுவதும் படிப்பவர்களுக்கு வேறொரு கேள்வி எழும். ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட பிறகும் ஃபாஸ்டஸுக்குத் திரும்பி வர வழி இருந்ததா? இருந்தது என்றால் அவன் ஏன் வரவில்லை? நாடகத்தின் இரண்டு பழைய பதிப்புகளும் இக்கேள்விக்கு இரண்டு விதமாக விடை சொல்கின்றன. இக்கட்டுரை இந்தக் கேள்வியை மையமாக வைத்து நாடகத்தை அறிமுகம் செய்கிறது.

ஆசிரியர்

கிறிஸ்டோபர் மார்லோ இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரில் காலணி செய்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1564 பிப்ரவரி 26 அன்று அவருக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. ஷேக்ஸ்பியருக்கு அவர் இரண்டு மாதமே மூத்தவர். உதவித்தொகை பெற்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் படித்தார். 1587-இல் அவருக்கு முதுகலைப் பட்டம் வழங்கப் பல்கலைக்கழகம் தயங்கியது. அரசியின் ஆலோசனைக் குழு தலையிட்டு, அவர் நாட்டுக்கு நற்பணி செய்தவர் என்று எழுதிய பிறகே பட்டம் கிடைத்தது. அவர் அரசின் உளவுப் பணியில் ஈடுபட்டிருக்கலாம் என்ற கருத்து இதிலிருந்து எழுந்தது.

தாம்பர்லேன் (இரு பாகங்கள்), மால்டாவின் யூதன், இரண்டாம் எட்வர்டு ஆகியவை அவருடைய பிற நாடகங்கள். எதுகை இல்லாத, ஐந்து சீர் கொண்ட அடிகளால் ஆன செய்யுள் நடையை ஆங்கில மேடையில் வலிமை மிக்க கருவியாக மாற்றியவர் மார்லோ. அவருக்குப் பின் வந்த பென் ஜான்சன் 1623-இல் எழுதிய கவிதையில் மார்லோவின் அடிகளுடைய வலிமையைக் குறிப்பிட்டுள்ளார்.

1593 மே மாதத்தில் சமய மறுப்புக் கருத்துகள் தொடர்பாக மார்லோ விசாரணைக்கு அழைக்கப்பட்டார். அம்மாதம் 30-ஆம் நாள் டெட்ஃபோர்டு என்ற இடத்தில் ஒரு வீட்டில் இங்கிராம் ஃபிரைசர் என்பவரால் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 29. உணவுக்கான பணத்தைக் கொடுப்பதில் எழுந்த தகராறே காரணம் என்று மரண விசாரணை அறிக்கை கூறுகிறது. அந்த அறிக்கை 1925-இல்தான் கண்டெடுத்து வெளியிடப்பட்டது. டாக்டர் ஃபாஸ்டஸ் அச்சாவதை மார்லோ பார்க்கவில்லை. இந்நாடகத்தின் பாடவேறுபாடுகளைப் புரிந்துகொள்ள இது நினைவில் இருக்க வேண்டும்.

கதையின் மூலம்

16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனியில் ஃபாஸ்ட் என்ற பெயரில் ஊர் ஊராகத் திரிந்த சோதிடர், மந்திரவாதி ஒருவர் வாழ்ந்தார். அவர் இறந்த பின் அவரைச் சுற்றிக் கதைகள் வளர்ந்தன. 1587-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் யோகான் ஷ்பீஸ் என்ற அச்சகத்தார் இக்கதைகளை நூலாக வெளியிட்டார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பே மார்லோவுக்கு மூலம். இன்று கிடைக்கும் அம்மொழிபெயர்ப்பின் மிகப் பழைய பதிப்பு 1592-ஆம் ஆண்டினது. நாடகம் எழுதப்பட்ட ஆண்டைப் பற்றி ஆய்வாளர்கள் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கதைநிகழ்ச்சிகளில் பெரும்பகுதி அந்நூலில் இருப்பவையே. மார்லோ தந்தது ஃபாஸ்டஸின் மனத்தை. மூல நூலில் அவன் தண்டனைக்கு உரிய ஒரு பாவி. நாடகத்தில் அவன் சிந்திக்கிறான், தன்னோடு வாதிடுகிறான், அஞ்சுகிறான், தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான்.

நாடகத்தின் வடிவம் இரண்டு மரபுகளின் சேர்க்கை. நல்ல தேவதூதன், தீய தேவதூதன், ஏழு கொடும்பாவங்களின் அணிவகுப்பு ஆகியவை இங்கிலாந்தின் இடைக்கால அறநெறி நாடகங்களிலிருந்து வந்தவை. அந்நாடகங்களில் மனிதன் பாவத்தில் விழுந்தாலும் கடைசியில் இறையருளால் மீட்கப்படுவது வழக்கம். மார்லோ அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு முடிவை மாற்றினார். அறநெறி நாடகங்களைப் பார்த்துப் பழகிய அக்கால மக்கள், ஃபாஸ்டஸும் எந்த நேரத்திலும் மீளக்கூடும் என்றே எதிர்பார்த்திருப்பார்கள்.

கதைச்சுருக்கம்

எளிய குடும்பத்தில் பிறந்த ஃபாஸ்டஸ் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் படித்து இறையியலில் டாக்டர் பட்டம் பெற்றவன். மெழுகுச் சிறகுகளோடு சூரியனை நெருங்கி வீழ்ந்த கிரேக்கக் கதையின் இக்காரஸை அவனுக்கு உவமையாகச் சொல்லி முன்னுரைப் பாத்திரம் நாடகத்தைத் தொடங்குகிறது. ஃபாஸ்டஸ் தன் படிப்பறையில் அமர்ந்து, எல்லாக் கல்வியையும் ஒதுக்கிவிட்டு மாந்திரீகத்தைத் தேர்ந்தெடுக்கிறான். வால்டெஸ், கொர்னேலியஸ் என்ற நண்பர்கள் வழிகாட்டுகின்றனர். அவன் செய்யும் மந்திர அழைப்புக்கு மெஃபிஸ்டோபிலிஸ் என்ற பேய் வருகிறது.

24 ஆண்டுகள் மெஃபிஸ்டோபிலிஸ் தனக்கு ஏவல் செய்ய வேண்டும், அதன் முடிவில் உடலும் ஆன்மாவும் லூசிஃபருக்கு உரியவை என ஃபாஸ்டஸ் தன் இரத்தத்தால் எழுதிக் கொடுக்கிறான். பிறகு உலகைச் சுற்றுகிறான். ரோமாபுரியில் கண்ணுக்குத் தெரியாமல் நின்று போப்பாண்டவரின் விருந்தைக் குலைக்கிறான். பேரரசர் ஐந்தாம் சார்லஸின் அவையில் மாவீரன் அலெக்சாண்டரின் உருவத்தை வரவழைக்கிறான். குதிரை வியாபாரி ஒருவனை ஏமாற்றுகிறான். கருவுற்றிருக்கும் ஒரு கோமகளுக்குக் கடும் குளிர்காலத்தில் திராட்சை கொண்டுவந்து தருகிறான். மாணவர்களுக்குக் கிரேக்கப் பேரழகி ஹெலனைக் காட்டுகிறான். முதியவர் ஒருவர் அவனை மனந்திரும்பச் சொல்லி மன்றாடுகிறார். அவன் மறுபடியும் ஒப்பந்தத்தை உறுதி செய்து, ஹெலனையே தனக்கெனக் கேட்டுப் பெறுகிறான். கடைசி இரவில் நள்ளிரவு மணி அடிக்கும்போது பேய்கள் அவனைக் கொண்டு செல்கின்றன.

பாதியில் மூடிய புத்தகம்

முதல் காட்சியின் தனிமொழி மாணவர்கள் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. ஃபாஸ்டஸ் தான் கற்ற துறைகளை ஒவ்வொன்றாக எடுத்து எடை போடுகிறான். தத்துவத்துக்கு அரிஸ்டாட்டில், மருத்துவத்துக்கு காலென், சட்டத்துக்கு ஜஸ்டினியன், இறையியலுக்கு ஜெரோமின் லத்தீன் விவிலியம். வாதத் திறமையை அடைந்தாயிற்று, இனித் தத்துவம் எதற்கு? ஊர்களைக் கொள்ளைநோயிலிருந்து காத்தாயிற்று, ஆனால் இறந்தவரை எழுப்ப முடியவில்லையே, மருத்துவம் எதற்கு? சட்டமோ கூலிக்கு உழைப்பவர்களுக்கு ஏற்றது. இப்படி ஒவ்வொன்றையும் தள்ளிவிடுகிறான்.

கடைசியாக விவிலியத்தைத் திறந்து இரண்டு வசனங்களைப் படிக்கிறான். முதலாவது, ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் உள்ளது. பாவத்தின் விளைவு மரணம் என்பது அதன் முதல் பாதி. இரண்டாவது, யோவான் எழுதிய முதல் நிருபத்தில் உள்ளது. பாவம் இல்லாதவர் யாருமில்லை என்பது அதன் கருத்து. இரண்டையும் சேர்த்து, எல்லாரும் பாவம் செய்தே தீர்வோம், ஆகவே எல்லாரும் அழிந்தே தீர்வோம் என்று முடிவு கட்டுகிறான். புத்தகத்தை மூடிவிடுகிறான்.

அவன் படிக்காமல் விட்டவை எவை? முதல் வசனத்தின் மறுபாதி, கடவுளின் கொடையாக நிலைவாழ்வு கிடைக்கும் என்கிறது. இரண்டாவதற்கு அடுத்த வசனம், பாவத்தை ஒப்புக்கொள்பவருக்கு மன்னிப்பு உண்டு என்கிறது. விவிலியத்தை மனப்பாடமாக அறிந்த அக்காலப் பார்வையாளர்கள் இந்த விடுபடலை உடனே கவனித்திருப்பார்கள். இறையியலில் டாக்டர் பட்டம் பெற்றவனுக்கு அடுத்த வரி தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. மன்னிப்பு என்ற பகுதி அவன் கண்ணில் படவே இல்லை. நாடகத்தின் பிற்பகுதியில் மன்னிப்பு திரும்பத் திரும்ப அவன் முன் வைக்கப்படும்போதும் இதுவே நடக்கிறது. அவனுடைய வீழ்ச்சி கையொப்பத்துக்கு முன்பே, இந்த அரைகுறை வாசிப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

எச்சரிக்கும் பேய்

மெஃபிஸ்டோபிலிஸைத் தந்திரமாக ஏமாற்றும் பேயாகப் பலர் எண்ணுவதுண்டு. முதல் சந்திப்பில் அவன் சொல்வது பெரும்பாலும் உண்மை. உன் மந்திரத்தின் வலிமையால் நான் வரவில்லை, ஒருவன் கடவுளைப் பழிக்கும்போது அவன் ஆன்மாவைப் பெறும் நம்பிக்கையில் நாங்களாகவே வருவோம் என்கிறான். நரகத்தை விட்டு எப்படி வெளியே வந்தாய் என்று கேட்டால், தான் நிற்கும் இடமே நரகம் என்கிறான். கடவுளின் முகத்தைக் கண்டு இன்புற்றிருந்தவனுக்கு அதை இழந்து நிற்பதைவிட வேறு நரகம் வேண்டியதில்லை என்பது அவன் வாதம். இந்த வீண் கேள்விகளை விட்டுவிடு என்று ஃபாஸ்டஸிடம் கெஞ்சவும் செய்கிறான்.

ஃபாஸ்டஸோ, ஆண்மையோடு துன்பத்தைத் தாங்கக் கற்றுக்கொள் என்று அவனுக்கே அறிவுரை கூறுகிறான். ஒப்பந்தத்துக்குப் பிறகு, நரகம் என்பது வெறும் கட்டுக்கதை என்று நரகத்திலிருந்து வந்தவனிடமே சொல்கிறான். கண்முன் சான்று நிற்கும்போதே அதை நம்ப மறுக்கும் அறிஞன் இவன்.

ஒப்பந்தம் எழுதும் காட்சியிலும் எச்சரிக்கைகள் உண்டு. எழுதும்போது அவனுடைய இரத்தம் உறைந்துவிடுகிறது. மெஃபிஸ்டோபிலிஸ் நெருப்பு கொண்டுவந்து அதை இளக்குகிறான். எழுதி முடித்ததும் அவன் கையில், மனிதனைத் தப்பி ஓடச் சொல்லும் லத்தீன் சொற்கள் தோன்றுகின்றன. எங்கே ஓடுவது என்று ஃபாஸ்டஸ் கேட்கிறான். கடவுளிடம் ஓடினால் அவர் தன்னை நரகத்தில் தள்ளிவிடுவார் என்று அவனே முடிவு செய்துகொள்கிறான்.

கேட்டதும் கிடைத்ததும்

ஒப்பந்தத்துக்கு முன் ஃபாஸ்டஸின் கனவுகள் பெரியவை. பேய்களை அனுப்பி இந்தியாவிலிருந்து பொன்னும் கடலடியிலிருந்து முத்தும் கொண்டுவரச் செய்வான். (அக்கால ஐரோப்பாவில் 'இந்தியா' என்ற பெயர் அமெரிக்க நிலங்களுக்கும் வழங்கியது.) ஜெர்மனியைச் சுற்றி வெண்கல மதில் எழுப்புவான். ரைன் நதியைத் திருப்பி விட்டன்பர்க்கைச் சுற்றி ஓடவிடுவான். ஏழை மாணவர்களுக்கு நல்ல ஆடை அணிவிப்பான்.

24 ஆண்டுகளில் இவற்றில் ஒன்றையும் அவன் செய்வதை நாம் காண்பதில்லை. மனைவி வேண்டும் என்று கேட்கிறான். பெண் வேடமிட்ட ஒரு பேய் வருகிறது. வானியல் பற்றிக் கேட்கிறான். கிடைக்கும் விடைகள் மாணவர்களுக்கே தெரிந்தவை என்று அவனே சலித்துக்கொள்கிறான். உலகைப் படைத்தது யார் என்று கேட்கிறான். மெஃபிஸ்டோபிலிஸ் விடை சொல்ல மறுக்கிறான். அறிவுக்காக ஆன்மாவை விற்றவனுக்கு அடிப்படையான கேள்விக்கே விடை கிடைக்கவில்லை.

ஆண்டுகள் செல்லச் செல்ல அவன் செயல்கள் சிறுத்துப் போகின்றன. பேரரசருக்கு வேடிக்கை, கோமகளுக்குத் திராட்சை, குதிரை வியாபாரிக்கு ஏமாற்று. 40 டாலருக்கு அவன் விற்ற குதிரை தண்ணீரில் இறங்கியதும் வைக்கோலாகிவிடுகிறது. இடையிடையே வேலைக்காரர்களும் கோமாளிகளும் ஃபாஸ்டஸின் மந்திரப் புத்தகத்தைத் திருடிப் பேயை அழைத்து அவதிப்படும் காட்சிகள் வருகின்றன. இந்த நகைச்சுவைப் பகுதிகள் தரம் குறைந்தவை என்றும், அவற்றில் பல மார்லோ எழுதாதவை என்றும் விமர்சகர்கள் நெடுங்காலம் கூறிவந்தனர். யார் எழுதியிருந்தாலும் நாடகத்தில் அவற்றுக்கு ஒரு வேலை இருக்கிறது. கோமாளிகள் செய்வதற்கும் பேரறிஞன் செய்வதற்கும் உள்ள வேறுபாடு சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வருவதை அவை காட்டுகின்றன.

குதிரை வியாபாரியை அனுப்பிவிட்டு ஃபாஸ்டஸ் தனியாக இருக்கும் சில நொடிகள் முக்கியமானவை. தன் காலம் முடியப்போகிறது என்பது அவனுக்கு நினைவு வருகிறது. உடனே, சிலுவையில் தொங்கிய கள்வனைக்கூடக் கிறிஸ்து கடைசி நேரத்தில் ஏற்றுக்கொண்டாரே என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு தூங்கிவிடுகிறான். மன்னிப்பு உண்டு என்பது அவனுக்குத் தெரிந்தே இருக்கிறது. அதை நாளைக்குத் தள்ளிப்போடுவதற்கான சாக்காக ஆக்கிக்கொள்கிறான்.

திறந்திருந்த வழி

நாடகம் முழுவதும் நல்ல தேவதூதனும் தீய தேவதூதனும் மாறி மாறி வருகின்றனர். இன்னும் காலம் இருக்கிறது என்கிறான் ஒருவன். காலம் கடந்துவிட்டது என்கிறான் மற்றவன். ஒருமுறை ஃபாஸ்டஸ் கிறிஸ்துவைப் பெயர் சொல்லி அழைக்கிறான். அந்த நொடியில் வருபவர்கள் லூசிஃபரும் பீல்செபப்பும். அவர்கள் அச்சுறுத்திவிட்டு, செருக்கு, பேராசை, சினம், பொறாமை, பெருந்தீனி, சோம்பல், காமம் என்னும் ஏழு பாவங்களையும் வேடிக்கையாக நடத்திக் காட்டுகின்றனர். ஃபாஸ்டஸ் அதில் மகிழ்ந்து தான் அழைத்தவரை மறந்துவிடுகிறான்.

கடைசி வாய்ப்பு முதியவர் வடிவில் வருகிறது. அவர் பேச்சைக் கேட்டு ஃபாஸ்டஸ் மனமுடைகிறான். மெஃபிஸ்டோபிலிஸ் அவன் கையில் குத்துவாளைக் கொடுக்கிறான். முதியவர் அவனைத் தடுத்து, அவன் தலைக்குமேல் அருள் நிறைந்த கிண்ணத்தோடு ஒரு தேவதூதன் நிற்பதைத் தாம் காண்பதாகச் சொல்கிறார். முதியவர் அகன்றதும் மெஃபிஸ்டோபிலிஸ் அவனைத் துரோகி என்று மிரட்டுகிறான். ஃபாஸ்டஸ் மன்னிப்புக் கேட்கிறான், ஆனால் லூசிஃபரிடம். மீண்டும் இரத்தத்தால் எழுதுகிறான். தனக்கு நல்லது சொன்ன முதியவரை வதைக்கும்படியும் கேட்கிறான்.

அடுத்து அவன் கேட்பது ஹெலனை. அவளைப் பார்த்து அவன் பேசும் பகுதி ஆங்கில இலக்கியத்தில் மிகப் புகழ்பெற்றது. அதன் அழகில் மயங்கும் வாசகர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பேரரசரின் அவையில் அலெக்சாண்டரைக் காட்டியபோது, வருவது உண்மையான உடல் அன்று, அவ்வுருவம் தாங்கிய ஆவியே என்று ஃபாஸ்டஸே விளக்கியிருக்கிறான். ஹெலனும் அப்படித்தான். அவன் அணைப்பது ஒரு பேயை. இந்தச் செயலோடு அவன் மீட்சிக்கு அப்பாற்பட்டுவிடுகிறான் என்பது டபிள்யூ. டபிள்யூ. கிரெக் என்ற அறிஞரின் கருத்து. கடைசி நொடிவரை வழி திறந்தே இருந்தது என்பவர்களும் உண்டு.

கடைசி ஒரு மணி நேரம்

இரவு 11 மணி அடிப்பதிலிருந்து 12 அடிப்பதுவரை ஃபாஸ்டஸ் பேசும் தனிமொழி நாடகத்தின் உச்சம். 1604 பதிப்பில் 11 மணியிலிருந்து பதினொன்றரை வரைக்கும் சுமார் முப்பது அடிகளும், பதினொன்றரையிலிருந்து 12 வரைக்கும் சுமார் இருபது அடிகளும் உள்ளன. மேடையில் நேரம் வேகமெடுக்கிறது. அஞ்சும் மனிதனுக்குக் காலம் எப்படி ஓடுமோ அப்படியே பார்வையாளருக்கும் ஓடுகிறது.

காலத்தை நிற்கச் சொல்லி வேண்டும்போது அவன் வாயில் வருவது ரோமானியக் கவிஞர் ஓவிட்டின் லத்தீன் அடி ஒன்று. மூலத்தில் அது காதலன் ஒருவன் காதலியோடு கழிக்கும் இரவு நீளட்டும் என்று வேண்டுவது. இங்கே அதை மரணத்துக்கு முந்திய இரவில் சொல்கிறான். கற்ற கல்வி முழுவதும் அவன் நினைவில் இருக்கிறது. எதுவும் உதவவில்லை. மலைகளைத் தன்மேல் விழச் சொல்கிறான். நிலத்தைப் பிளக்கச் சொல்கிறான். கிரேக்க அறிஞர் பித்தகோரஸ் சொன்னபடி உயிர்கள் மாறிப் பிறக்கும் என்றால் தான் ஒரு விலங்காகிவிடலாமே என்கிறான். விலங்கின் உயிர் அதன் உடலோடு கரைந்துவிடும், தன் உயிரோ முடிவின்றித் துன்பப்பட வேண்டும் என்பது அவன் ஏக்கம். நாடகத் தொடக்கத்தில் மனிதநிலைக்கு மேலே உயர விரும்பியவன், கடைசியில் கடலில் கலக்கும் நீர்த்துளிகளாகிவிட விரும்புகிறான். பெற்றோரைச் சபிக்கிறான், பிறகு தன்னையே சபிக்கிறான். கடைசி மூச்சில், புத்தகங்களை எரித்துவிடுவதாகச் சொல்கிறான்.

இரண்டு பாடங்கள்

இந்நாடகம் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. 1604-இல் அச்சானது ஏ பாடம் என்றும், 1616-இல் அச்சானது பி பாடம் என்றும் வழங்கப்படுகின்றன. பி பாடம் சுமார் 600 அடிகள் நீளமானது. நாடகக் கம்பெனி நடத்திய ஃபிலிப் ஹென்ஸ்லோ, இந்நாடகத்தில் புதிய பகுதிகள் சேர்த்ததற்காக வில்லியம் பேர்ட், சாமுவேல் ரௌலி ஆகிய இருவருக்கும் 1602-இல் 4 பவுண்டு கொடுத்ததாகத் தன் கணக்கேட்டில் எழுதியுள்ளார். அச்சேர்க்கைகள் பி பாடத்தில் இருக்கலாம். இரண்டு பதிப்புகளிலும் அங்கப் பிரிப்பு இல்லை. இன்றைய நூல்களில் காணும் அங்கங்கள் பின்னாளில் பதிப்பாசிரியர்கள் பிரித்தவை.

நம் கேள்விக்குத் தொடர்பான வேறுபாடுகள் நான்கு.

முதலாவது, மனந்திரும்பக் காலம் கடந்துவிடவில்லை என்று நல்ல தேவதூதன் சொல்லும் இடம். ஏ பாடத்தில் ஃபாஸ்டஸால் திரும்ப 'முடிந்தால்' என்ற பொருள்படும் சொல் உள்ளது. பி பாடத்தில் திரும்ப 'மனம் வைத்தால்' என்ற பொருள்படும் சொல் உள்ளது. ஒன்று அவனுடைய ஆற்றலைப் பற்றியது, மற்றது அவனுடைய விருப்பத்தைப் பற்றியது.

இரண்டாவது, தொடக்கத்தில் பார்த்த அரைகுறை வாசிப்பு. ஏ பாடத்தில் அதற்கு வேறு விளக்கம் இல்லை. அது ஃபாஸ்டஸின் செயல். பி பாடத்தின் இறுதியில் மெஃபிஸ்டோபிலிஸ், அன்று விவிலியத்தின் ஏடுகளைத் திருப்பி உன் கண்ணை வழிநடத்தியவன் நானே என்று அறிவிக்கிறான். இதை அவன் உண்மையாகச் சொல்கிறானா, அழிந்துகொண்டிருப்பவனை மேலும் வதைப்பதற்காகச் சொல்கிறானா என்பதை வாசகரே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, கடைசித் தனிமொழி. ஏ பாடத்தில் ஃபாஸ்டஸ் தனியாக நின்று பேசுகிறான். பி பாடத்தில் லூசிஃபரும் அவன் கூட்டத்தாரும் முன்பே வந்து அவன் முடிவைப் பார்க்கக் காத்திருக்கின்றனர்.

நான்காவது, முதியவரின் முடிவு. ஏ பாடத்தில் பேய்களின் வதையிலும் முதியவர் நம்பிக்கை தளராமல் நிற்பதை மேடையில் காண்கிறோம். அதே பேய்களுக்கு ஃபாஸ்டஸ் அடிமை, முதியவர் அடிமை இல்லை. பி பாடத்தில் இப்பகுதி விடப்பட்டுள்ளது.

இந்த வேறுபாடுகளுக்குப் பின்னால் அக்காலத்தின் உயிர்ப்பான சமய விவாதம் ஒன்று உண்டு. யார் மீட்கப்படுவர் என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்பது ஜான் கால்வின் வழிவந்த முன்குறிப்புக் கொள்கை. இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கொள்கைக் கூறுகளில் 17-ஆவது இதைப் பற்றியது. மார்லோ படித்த காலத்துக் கேம்பிரிட்ஜில் இது பெரிதும் பேசப்பட்ட பொருள். அக்கொள்கையின்படி பார்த்தால் ஃபாஸ்டஸ் மனந்திரும்பாததற்குக் காரணம் அவனால் முடியாது என்பதே. மனித விருப்பம் சுதந்திரமானது என்று கொண்டால், ஒவ்வொரு முறையும் அவனே மறுத்துவிட்டான். முதல் பார்வையில் அவன் இரக்கத்துக்குரியவன். இரண்டாவது பார்வையில் அவன் பொறுப்பாளி. நாடகம் இவற்றுள் ஒன்றை அறுதியாகத் தேர்ந்தெடுப்பதில்லை.

மேடை வரலாறும் தாக்கமும்

பதிவில் உள்ள முதல் நிகழ்ச்சி 1594 செப்டம்பர் 30 அன்று, தேம்ஸ் நதியின் தென்கரையிலிருந்த ரோஸ் அரங்கில் நடைபெற்றது. அட்மிரல் குழுவின் புகழ்பெற்ற நடிகர் எட்வர்டு ஆலின் ஃபாஸ்டஸாக நடித்தார். 1598-இல் தயாரித்த மேடைப்பொருள் பட்டியலில் இந்நாடகத்துக்குரிய டிராகன் உருவம் ஒன்றும் குறிக்கப்பட்டுள்ளது. மேடையில் உண்மையான பேய் ஒன்று தோன்றி நடிகர்களையும் மக்களையும் கலங்கடித்ததாகக் கதைகள் பரவின. நாடகங்களைக் கடுமையாக எதிர்த்த வில்லியம் பிரின் 1633-இல் வெளியிட்ட நூலில் அத்தகைய கதை ஒன்றைக் குறிப்பிட்டுள்ளார்.

ஆங்கில நடிகர் குழுக்கள் இந்நாடகத்தை ஜெர்மன் மொழி பேசும் நாடுகளுக்குக் கொண்டு சென்றன. அங்கே அது பொம்மலாட்டமாகவும் மாறியது. இளமையில் அத்தகைய பொம்மலாட்டத்தை அறிந்த கதே, பின்னாளில் தன் ஃபாஸ்ட் நாடகத்தை எழுதினார். அதன் முதல் பாகம் 1808-இலும் இரண்டாம் பாகம் 1832-இலும் வெளிவந்தன. மாணவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கதேயின் ஃபாஸ்ட் செய்வது ஒரு பந்தயம். ஆண்டுக் கெடு அதில் இல்லை. கடைசியில் அவன் மீட்கப்படுகிறான். மார்லோவின் ஃபாஸ்டஸ் எழுதுவது கெடு வைத்த பத்திரம். அவனுக்கு மீட்சி இல்லை. தாமஸ் மன் 1947-இல் இதே தொன்மத்தை ஓர் இசையமைப்பாளரின் கதையாக்கி நாவல் எழுதினார். மார்லோவின் நாடகம் 1967-இல் ரிச்சர்டு பர்ட்டன் நடிப்பில் திரைப்படமானது. ஹெலனாக எலிசபெத் டெய்லர் நடித்தார்.

படிப்பவர் கவனத்துக்கு

நாடகத்தைப் படிக்கத் தொடங்கும்முன் கையிலுள்ள நூல் எந்தப் பாடத்தை ஒட்டியது என்று பார்த்துக்கொள்வது நல்லது. தேர்வுக்காக எழுதும் கட்டுரையில் இரண்டையும் கலந்து மேற்கோள் காட்டினால் வாதம் குழம்பும். ஃபாஸ்டஸ் மனந்திரும்ப நினைக்கும் ஒவ்வோர் இடத்தையும் குறித்துக்கொண்டு, அந்த இடத்தில் அவன் கவனத்தைத் திருப்புவது எது என்று பக்கத்தில் எழுதி வரலாம். ஒருமுறை அச்சம், ஒருமுறை வேடிக்கை, ஒருமுறை அழகு, ஒருமுறை தூக்கம் என்று பட்டியல் நீளும்.

அறிவைத் தேடுவது தவறு என்று இந்நாடகம் சொல்வதாக முடிவு கட்டுவதற்கு முன்பும் சற்று நிதானிக்க வேண்டும். முடிவுரைப் பாத்திரம் அப்படி ஒரு பாடத்தைத்தான் சொல்லி முடிக்கிறது. நாம் மேடையில் கண்டதோ, தேடலைப் பாதியில் நிறுத்திவிட்ட ஒருவனை. அவன் ஒவ்வொரு துறையையும் முழுமையாகக் கற்றுவிட்டதாக எண்ணினான். விவிலியத்தில் அடுத்த வரியை அவன் படிக்கவில்லை. மெஃபிஸ்டோபிலிஸ் சொன்ன உண்மையைக் கேட்டும் அதைப் பொருட்படுத்தவில்லை. கடைசி இரவில் புத்தகங்களை எரிக்க முன்வரும்போதும், பழியைப் புத்தகங்கள்மேல்தான் போடுகிறான்.